பிரிண்டரின் திறப்பு யார் கையில்?

கடைக்குப் பில் பிரிண்டர் வாங்கும்போது விலையையும் உத்தரவாதத்தையும் கேட்கிறோம். அதை இயக்குவதற்குக் கணனியில் ஏற்றப்படும் ‘ட்ரைவர்’ என்ற மென்பொருளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. காகிதச் செலவும், சிலவேளை காசுப் பெட்டியின் பாதுகாப்பும்கூட அதற்குள்தான் இருக்கின்றன.

தாளின் அகலம் 58 மில்லிமீற்றரா 80 மில்லிமீற்றரா, பில் முடிந்ததும் எவ்வளவு தாள் ஓடிய பிறகு வெட்டவேண்டும் என்பதையெல்லாம் நல்ல ட்ரைவர் கடைக்காரரின் தெரிவுக்கு விடும். ஒரு பில்லுக்கு 2 சென்றிமீற்றர் வீணாக ஓடினால், நாளுக்கு 300 பில் போடும் கடையில் 6 மீற்றர் தாள் குப்பைக்குப் போகிறது.

காசுப் பெட்டி விடயம் இதைவிடப் பெரியது. பல கடைகளில் பெட்டியின் வயர் பிரிண்டரில்தான் கொழுவப்பட்டிருக்கும். அச்சிடும்போதெல்லாம் பெட்டியைத் திறக்கும்படி ட்ரைவரில் வைத்திருந்தால், பழைய பில்லின் பிரதி எடுத்தாலும் திறக்கும், நாளாந்த அறிக்கை எடுத்தாலும் திறக்கும். அதை நிறுத்திவிட்டு, காசு விற்பனைக்கு மட்டும் திறக்கும் வேலையைப் பில் மென்பொருளிடம் விடுவதே கணக்குக்கு நல்லது. அந்தத் தெரிவையே ட்ரைவர் காட்டாவிட்டால் முதலாளி என்ன செய்வார்?

பாவனையாளருக்கு இவ்வளவு தெரிவுகள் எதற்கு, கடைப் பையன்கள் நோண்டிக் கெடுத்துவிடுவார்கள் என்பது கணனி திருத்துவோரின் வாதம். நியாயம் இல்லாமலில்லை. அமெரிக்காவின் ‘லெட்டர்’ அளவு தெரிவாகிவிட்டால், தட்டு நிறைய ஏ4 தாள் இருக்கவே லேசர் பிரிண்டர் தாள் கேட்டு லைட்டை மினுக்கிக்கொண்டு நிற்கும். ஆனால் அதைச் சரிசெய்வதற்கும் அதே தெரிவு வேண்டுமே! விண்டோஸில் எல்லோருக்குமான அமைப்பை முகாமையாளர் கணக்கிலிருந்துதான் மாற்றலாம். தனக்குரிய அச்சு விருப்பங்களைக் காசாளரும் மாற்றிக்கொள்ள முடிகிறது. அதைப் பூட்டுவதற்கு வழி தரட்டும், தெரிவுகளை ஒளித்துவைக்கவேண்டாம்.

பிரிண்டர் கம்பனிகளின் ட்ரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாக வழங்குவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசொப்ட் 2023 செப்டெம்பரில் அறிவித்தது. விண்டோஸுடன் வரும் பொது ட்ரைவரே முன்னுக்கு வரும், கம்பனியின் விசேட தெரிவுகள் தனிச் செயலியாக வரலாம் என்பது திட்டம். பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் அந்தச் செயலியைக் கம்பனி ஒழுங்காகச் செய்யாவிட்டால் நட்டம் கடைக்காரருக்கே.

ஆகவே காசு கொடுக்குமுன், உங்கள் கணனியிலேயே ட்ரைவரை ஏற்றி, தாள் அகலம், வெட்டு, காசுப் பெட்டி மூன்றையும் மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால், வேறு பிரிண்டர்கள் சந்தையில் தாராளமாக இருக்கின்றன.