உடல் நலம்: அறுவைக்கு முன் மூச்சின் கணக்கு

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆயினும் சங்கு குளிப்போர் இன்றும் நம் கரையில் உள்ளனர். நீருக்கடியில் ஒரு நிமிடம் மூச்சடக்கிய கதையைப் பெருமையோடு சொல்லும் பெரியவர்களும் உண்டு. அத்தகைய ஒருவருக்கு நுரையீரலில் புற்றுக்கட்டி கண்டு, அறுவை வேண்டும் என்று மருத்துவர் கூறினால், "வாப்பாவின் மூச்சுக்கு என்ன குறை? எதற்கு இத்தனை சோதனை?" என்றே வீட்டார் கேட்கின்றனர். காசு பிடுங்கும் வழி என்று முணுமுணுப்போரும் உளர்.

மூச்சடக்குவது பழக்கத்தால் கைவரும் திறமை. மருத்துவர் அறிய விரும்புவது வேறு. வெட்டியபின் மிஞ்சும் நுரையீரல் போதுமா? அறுவையின் சுமையை இதயம் தாங்குமா?

முதற் சோதனை, குழாயில் வேகமாக ஊதுவது. முதல் ஒரு நொடியில் வெளிவரும் காற்றை அளப்பர். நுரையீரல்கள் இரண்டிலுமாகப் பத்தொன்பது கூறுகள் உள்ளன. வலப்பக்க மேல்மடலை எடுத்தால் மூன்று கூறுகள் போகும். இரண்டு லிட்டர் ஊதியவருக்கு ஏறத்தாழ 1.7 லிட்டர் மிஞ்சும். காற்றிலுள்ள பிராணவாயு இரத்தத்தில் எவ்வளவு எளிதில் கலக்கும் என்பதற்கும் தனிச் சோதனை உண்டு. நன்றாக ஊதிவிடும் பீடிக்காரர் சிலர் இதில்தான் அகப்பட்டுக்கொள்கின்றனர்.

மிஞ்சும் அளவுகள் இரண்டும் அவரது வயதுக்கும் உயரத்துக்கும் உரியதில் 60 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் நுரையீரலைப் பற்றிப் பெரிதும் அஞ்ச வேண்டியதில்லை. 30-க்கும் 60-க்கும் இடையில் இருந்தால் படியேறச் சொல்வர். 22 மீட்டர், அதாவது ஏறத்தாழ ஏழு மாடி உயரம், ஏறிவிடுபவர் பெரும்பாலும் தேறிவிடுவார். எளிய சோதனைதான், ஆனால் நுரையீரல், இதயம், கால் மூன்றையும் ஒருங்கே எடைபோட்டுவிடுகிறது! அதிலும் ஐயம் எழுந்தால், அல்லது அளவு 30-க்கும் கீழே போனால், சைக்கிள் மிதிக்கச் செய்து மூச்சுக்காற்றை அளந்து பார்ப்பர்.

ஒரு நுரையீரல் முழுவதையும் இழந்தும் வாழ முடியும். 1933-இல் அமெரிக்காவில் எவார்ட்ஸ் கிரகாம் என்ற அறுவை மருத்துவர், புற்றுநோய்க்காக ஒருவரின் இடது நுரையீரலை முழுவதுமாக அகற்றினார். அந்த நோயாளி ஏறத்தாழ 30 ஆண்டுகள் வாழ்ந்தார். புகைப்பழக்கம் உடையவராயிருந்த கிரகாமோ, 1957-இல் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார்.

இதயத்துக்கு ஈ.சி.ஜி. மட்டும் போதாது. முன்பு வந்த மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு எதையும் மறைக்கக் கூடாது. 'சொன்னால் அறுவை செய்ய மறுத்துவிடுவார்களோ' என்று மறைப்பவர்கள் ஆபத்தையே வருவித்துக்கொள்கின்றனர். பீடியை அன்றே விட வேண்டும். நடைப்பயிற்சியும் மூச்சுப் பயிற்சியும் அறுவைக்கு முன்பே தொடங்கலாம்.

அறுவை கூடாது என்று முடிவானாலும் கை விரித்ததாகப் பொருளில்லை. சிறு பகுதியை மட்டும் எடுக்கலாம். கட்டியைக் குறிவைத்துக் கதிர்வீச்சும் தரலாம்.

மருத்துவரிடம் செல்லும்போது பழைய எக்ஸ்ரே, மருந்துச் சீட்டுகளோடு உம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள். நாளொன்றுக்கு எத்தனை பீடி, எந்தப் படியில் நின்று மூச்சு வாங்குகிறார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.