எழுத்தன்றே குளிசை: போலிக் அமிலம் பற்றி மன்றத்தின் நிலைப்பாடு

கலியாண எழுத்து நடக்கும் நாளிலேயே மணப்பெண்ணுக்குப் போலிக் அமிலக் குளிசை கொடுப்பது பற்றிப் பொதுக்கூட்டத்தில் எழுந்த வாக்குவாதத்தை உறுப்பினர்கள் அறிவர். நிர்வாக சபையின் முடிவு இது: எழுத்தன்றே, இயன்றவரை, குளிசை பெண்ணின் கைக்குப் போய்ச்சேர வேண்டும். “இயன்றவரை” என்ற சொல் இணக்கத்துக்காகச் சேர்க்கப்பட்டது.

காரணம் இது: கருத்தரித்து ஏறத்தாழ 28 நாளுக்குள் சிசுவின் நரம்புக்குழாய் மூடிவிட வேண்டும். முள்ளந்தண்டில் மூடாவிட்டால் பிள்ளைக்குக் கால் வழங்காமல் போகலாம். தலையில் மூடாவிட்டால் பிள்ளை தங்காது. மாதவிலக்குத் தப்பி, சிறுநீர் சோதித்து, கிளினிக்கில் பதிந்து குளிசை வாங்குகையில் அந்த நாட்கள் கடந்திருக்கும். இத்தகைய குறையுள்ள பிள்ளையை முன்னர் பெற்ற தாய்மாருக்கு அது மீண்டும் நேர்வதைப் போலிக் அமிலம் 72 வீதம் குறைத்ததை, பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 1991இலேயே காட்டிவிட்டது. நாங்கள் இன்னும் வெட்கம் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

குடும்பநல உத்தியோகத்தர்கள் புதுமணத் தம்பதியருக்கு இக்குளிசையை இலவசமாகவே கொடுக்கிறார்கள். அவர்களைக் குறைகூறுவது எமது நோக்கமல்ல. ஆனால் மாப்பிள்ளை லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ மூன்று கிழமை லீவில் வருகிறார். எழுத்து, தாலிகட்டு, நல்லூரில் அர்ச்சனை, கட்டுநாயக்கவில் வழியனுப்பு. விசா வரும்வரை பெண் தாய்வீட்டில். அவளைப் புதுமணப்பெண்ணாக யாரும் கணக்கெடுப்பதில்லை; உத்தியோகத்தரின் பதிவேட்டில் பிந்தித்தான் ஏறுகிறாள், சிலர் ஏறுவதேயில்லை. மண்டபத்துக்கும் வீடியோவுக்கும் இலட்சக்கணக்கில் இறைக்கிற வீடு, குளிசை என்று வாய் திறந்தால் “இப்பவே பிள்ளைக் கதையோ?” என்று முகம் சுளிக்கிறது. பிள்ளை குறையோடு பிறந்தால், கிரகண நேரம் வெளியே போனவள் என்று பழியையும் அவள் தலையில்தான் போடுகிறது. இந்தப் பந்தியை மென்மையாக்கும்படி சபையில் சிலர் கேட்டனர். எங்களால் முடியவில்லை.

குறை முன்னரே தெரிந்தாலும் வழியில்லை. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காக்கவன்றிக் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. மண்டையோடே வளரவில்லை என்று ஸ்கானில் தெரிந்தாலும் அவள் சுமந்துதான் பெற வேண்டும். இதைத் தளர்த்த 2017இல் அமைச்சரவை வரை போன திருத்தம் சட்டமாகவில்லை. சட்டம் பற்றி எமது மன்றம் தற்போதைக்கு நிலைப்பாடு எதுவும் எடுக்கவில்லை.

முருங்கையிலையும் பயறும் நல்லவைதான். சமைக்கையில் அவற்றின் போலேற்றில் (இயற்கையான போலிக் அமிலத்தில்) கணிசமான பங்கு போய்விடும், குளிசைக்கு ஈடாகா.

உலக சுகாதார நிறுவனம் கூறும் அளவு நாளொன்றுக்கு 400 மைக்குரோகிராம், கருத்தரிக்க எண்ணும் நாள் முதல் 12ஆம் வாரம் வரை. முன்னர் நரம்புக்குழாய்க் குறையுள்ள பிள்ளை பெற்றவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், வலிப்புக்கு மருந்தெடுப்பவர்களுக்குக் கூடிய அளவு தேவைப்படலாம், வைத்தியரைக் கேட்கவும். எல்லாப் பிறவிக் குறைகளையும் இது தடுக்கும் என்று நாம் சொல்லவில்லை.

உறுப்பினர்கள் அடுத்த எழுத்துக்குப் போகும்போது, அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரின் தொலைபேசி இலக்கத்தை எழுதிக்கொண்டு போங்கள். தாயிடமோ மாமியாரிடமோ கொடுத்துவிட்டு வராமல், பெண்ணின் கையிலேயே கொடுங்கள்.