முகநூலில் இல்லாதவர்கள் ஜனங்களல்லவா?

இப்பொழுது நமது சர்வகலாசாலைகளில் ஒரு புது வழக்கம் பரவி வருகின்றது. ஜனங்களின் அபிப்பிராயத்தை ஆராயப் புகுந்த பண்டிதர்கள் சிலர் ஜனங்களிடம் போவதேயில்லை. முகநூலிலும் ட்விட்டரிலும் யார் யாரோ எழுதிப் போட்டதை லட்சக்கணக்கில் வாரிக் கணினியில் கொட்டி, "நாட்டின் எண்ணம் இதுவே" என்று கட்டுரை எழுதிப் பட்டமும் பெற்று விடுகின்றார்கள்.

இதனால் பிரயோஜனமே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கின்றதென்று ஜனங்களே இணையத்தில் பதிந்த குறிப்புகளைக் கொண்டு படம் வரைந்தார்கள். தண்ணீரைக் கண்டவன் கண்டதைச் சொன்னான். ஆனால் ஒரு தேசத்தின் அபிப்பிராயத்தை அளப்பது வேறு விஷயம்.

1936ல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்னும் பத்திரிகை ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கு மேல் பதிலும் பெற்று, ஜனாதிபதி தேர்தலில் லாண்டனே ஜெயிப்பார் என்று அடித்துச் சொல்லிற்று. ஜெயித்தவரோ ரூஸ்வெல்ட், 48 மாகாணங்களில் 46 அவருக்கு! டெலிபோனும் மோட்டாரும் வைத்திருந்தவர்களின் ஜாபிதாவிலிருந்து பெயர் பொறுக்கினார்கள்; அவர்களிலும் பதில் எழுத முனைந்தவர்களையே எண்ணினார்கள். கோடி என்ற எண்ணிக்கை என்ன செய்தது?

இதை நம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தீபாவளி வந்தால் பட்டாசு வேண்டுமா வேண்டாமா என்று ட்விட்டரில் யுத்தம் நடக்கின்றது. புகை என்கிறார் ஒருவர். மத பாத்தியதை என்கிறார் மற்றவர். இந்த எழுத்துக்களை எண்ணி ஒருவர் ஆராய்ச்சி செய்தால், சிவகாசியை அடுத்த விஸ்வநத்தத்தில் சரம் பின்னுகிற பெண்பிள்ளை அதில் எந்த வரியில் இருக்கின்றாள்? வெடிமருந்துள்ள இடத்தில் கைப்பேசி கூடாது. வீட்டில் ஒரே போன் இருந்தால் அது மகன் கையில் இருக்கும். 2018 அக்டோபர் 23ந் தேதி சுப்ரீம் கோர்ட் சரவெடி கூடாதென்று உத்தரவிட்டபோது அடிபட்டது அவள் கூலி. (கோர்ட்டார் ட்விட்டரைப் பார்த்துத் தீர்ப்பெழுதினார்கள் என்றோ, புகையில் மூச்சுத் திணறும் டெல்லிக் குழந்தையின் பக்கம் நியாயமில்லை என்றோ யாரும் நினைக்க வேண்டாம்.)

அவளிடம் போன் இருந்தாலுந்தான் என்ன? 2012 செப்டம்பர் 5ந் தேதி முதலிப்பட்டி ஆலையில் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் வெந்து மடிந்தார்களே, அதுபோல் தன் ஆலையிலும் அபாயமிருக்கின்றதென்று அவள் பகிரங்கமாய் எழுதுவாளா? எழுதினால் மறுநாள் வேலை ஏது? பேசினவர்களை மாத்திரம் எண்ணுகிற கணக்கில் பயந்தவர்களின் மௌனம் திருப்தியாய்த் தோன்றும்.

சர்க்காரின் தேசியக் குடும்பநல ஆய்வே 2019-21ல், ஒரு தரமேனும் இணையத்தை உபயோகித்த பெண்கள் 100க்கு 33 பேர், ஆண்கள் 57 பேர் என்றது. இன்று கூடியிருக்கும். ஆனாலும் அந்த ஆய்வில் யார் பாதியிலும் குறைவாயிருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அந்தப் பண்டமும் பண்டிதர் கையில் இல்லை. ட்விட்டர் 2023ல் இலவச வழியை அடைத்தது. முகநூல் முதலாளிகள் 2024 ஆகஸ்டில் கிரவுட்டாங்கிள் என்ற கருவியை மூடினார்கள். கதவும் சாவியும் கம்பெனியாருடையவை.

ஆகவே ஆராய்ச்சி செய்யும் தோழர்களுக்கு நாம் சொல்லுவது இது. இணையத்தை எண்ணுங்கள், ஆனால் "ட்விட்டரில் எழுதியவர்களின் எண்ணம்" என்று தலைப்பிடுங்கள். "ஜனங்களின் எண்ணம்" என்று போட ஆசையிருந்தால் சிவகாசிக்கு ரயிலேறுங்கள். மாலையில் ஆலை வேன்கள் ஆட்களை இறக்கிவிடும் இடத்தில் நின்று கேளுங்கள். பெயர் கேட்க வேண்டாம். போர்மேன் பக்கத்தில் நிற்கும்போது எதையுமே கேட்க வேண்டாம்.