கச்சேரிக் கட்டிடமும் பீங்கான் சூளையும்

விருத்தாசலத்தைத் தலைநகராகக் கொண்டு தனி ஜில்லா வேண்டும் என்பது நேற்று எழுந்த கோரிக்கையல்ல. தேர்தலுக்குத் தேர்தல் மேடையேறிய கட்சிகள் வாக்குறுதி கொடுத்து, ஓட்டு எண்ணி முடிந்ததும் மறந்து போகிற கோரிக்கை அது. இதை எதிர்க்கிற கனவான்கள் எப்பொழுதும் ஒரே பல்லவியைத்தான் பாடுகிறார்கள்: "ஜில்லா என்றால் சும்மாவா? கலெக்டர் கச்சேரி கட்ட வேண்டும், போலீஸ் சூப்பிரண்டு ஆபீஸ் கட்ட வேண்டும், கோர்ட்டு கட்ட வேண்டும், அதிகாரிகளுக்குப் பங்களா கட்ட வேண்டும். கோடி கோடியாகச் செலவாகுமே! ஏழை ஜனங்களின் வரிப்பணம் பாழாகலாமா?"

ஏழை ஜனங்களின் பணத்தின்மீது இந்தக் கனவான்களுக்கு எப்பொழுது இத்தனை கரிசனம் வந்தது?

திட்டக்குடிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் இருக்கும் விவசாயத் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். வீட்டுமனைப் பட்டாவோ, கிழவி தாய்க்கு முதியோர் பென்ஷனோ தாலுகா ஆபீஸில் கிடைக்கவில்லையென்றால், திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டரிடம் போக வேண்டும். விடியுமுன் பஸ் ஏறி விருத்தாசலம் வந்து சேர்ந்தால், அங்கிருந்து கடலூர் இன்னும் அறுபது கிலோமீட்டர். போக ஒரு பாதி நாள், வர ஒரு பாதி நாள். "ஐயா கேம்ப் போயிருக்கிறார்" என்று டவாலி சொல்லிவிட்டால் அடுத்த வாரமும் அதே பயணம். பஸ் சார்ஜு போகட்டும். நடவுக் காலத்தில் ஒரு நாள் கூலி போனால் திரும்ப வருமா? கச்சேரிக்கு ஆகும் செங்கல் செலவைப் பைசா சுத்தமாகக் கணக்கிடும் கனவான்கள், இத்தனை வருஷமாகத் தொழிலாளி கட்டிவரும் இந்தத் தூர வரியை எந்தப் புத்தகத்தில் பற்று எழுதியிருக்கிறார்கள்?

கடலூர் தலைநகரானதே நம் சௌகரியத்துக்காக அல்ல. கும்பினிக்காரனுக்குத் தேவனாம்பட்டினத்தில் கோட்டையும் கடலில் கப்பலும் இருந்தன. தென்னார்க்காடு ஜில்லாவின் கலெக்டர் கடற்கரையில் உட்கார்ந்தார். மணிமுத்தா நதிக்கரையில் இருப்பவன் நடந்து போய்ச் சேர்ந்தான். 1993-ல் தென்னார்க்காடு இரண்டாக உடைந்து விழுப்புரம் தனியானது. 2019-ல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. மேற்கே உள்ள நாம் மட்டும் கடலைப் பார்த்தபடியே நிற்கிறோம்.

செலவைக் காட்டி உரிமையை மறுப்பது நம் ஊர்க் கனவான்கள் கண்டுபிடித்த வித்தையல்ல. அவர்களுடைய குருநாதர்கள் லண்டனில் இருக்கிறார்கள். பிரிட்டனின் வடக்கே உள்ள ஸ்காட்லாந்து, 1707-ல் தன் பார்லிமெண்டை இழந்து இங்கிலாந்தோடு சேர்க்கப்பட்ட நாடு. சுமார் 55 லட்சம் ஜனங்கள். 2014 செப்டம்பர் 18-ந் தேதி, தனி நாடாகப் பிரிவதா வேண்டாமா என்று அங்கே ஜனங்களின் ஓட்டுக் கேட்கப்பட்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு பிரிட்டிஷ் நிதி இலாகா ஒரு பூதத்தைக் கிளப்பிவிட்டது. தனி நாடானால் 180 இலாகாக்களும் ஸ்தாபனங்களும் வேண்டும், ஒன்றுக்கு ஒன்றரைக் கோடி பவுண்டு, ஆக 270 கோடி பவுண்டு செலவாகும் என்றது. லண்டன் பொருளாதாரக் கல்லூரிப் பேராசிரியர் பேட்ரிக் டன்லேவியின் ஆராய்ச்சியை இதற்கு ஆதாரமாகக் காட்டியது. அந்தப் பேராசிரியரோ, என் கணக்கைத் திரித்துவிட்டார்கள், தொடக்கச் செலவு 20 கோடி பவுண்டுக்குள் அடங்கும் என்று பகிரங்கமாக மறுத்தார். பத்து மடங்குக்கு மேல் ஊதிய பலூன் அது! ஆனாலும் பயம் வேலை செய்தது. வேண்டாம் என்று நூற்றுக்கு 55 பேரும், வேண்டும் என்று 45 பேரும் ஓட்டளித்தார்கள்.

பயமுறுத்தியவர்கள் கையில் இன்னொரு ஆயுதமும் இருந்தது. அதை மறைப்பது நமக்கு அழகல்ல. 1997-ல் ஸ்காட்லாந்து ஜனங்கள் நூற்றுக்கு 74 பேர் ஓட்டளித்து, பிரிட்டனுக்குள்ளேயே தங்களுக்கு ஒரு பார்லிமெண்டைப் பெற்றார்கள். அதற்கு எடின்பரோ நகரில் ஹோலிரூடு என்னுமிடத்தில் கட்டிடம் எழுப்பினார்கள். முதலில் சொன்ன மதிப்பு ஒரு கோடியிலிருந்து நாலு கோடி பவுண்டு. 2004-ல் கட்டி முடித்தபொழுது ஆன செலவு 41 கோடியே 40 லட்சம் பவுண்டு. மூன்று வருஷத் தாமதம் வேறு. பிரேசர் பிரபு தலைமையில் விசாரணை நடந்தது. காண்ட்ராக்டுக்கு ஒரே தொகை பேசி முடிக்காமல், வேலையைத் துண்டு துண்டாக ஏலம் விட்டு, விலை ஏறினால் சர்க்கார் ஏற்கும் என்ற முறையை எடுத்ததுதான் பெரிய கோளாறு என்று அதில் வெளிப்பட்டது. லாபம் காண்ட்ராக்டர் வீட்டுக்கு, நஷ்டம் பொதுஜனத்துக்கு. சீமையிலும் இதுதான் வழக்கம் போலிருக்கிறது.

"பார்த்தீர்களா, சுயாட்சி கேட்டவர்களின் லட்சணத்தை!" என்று லண்டன் பத்திரிகைகள் கேலி செய்தன. அதே லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் நிற்கும் வெஸ்ட்மின்ஸ்டர் பார்லிமெண்டு மாளிகை ஒழுகுகிறது, விரிசல் விடுகிறது. அதைப் பழுது பார்க்க மட்டும் 700 கோடியிலிருந்து 1,300 கோடி பவுண்டு வரை ஆகும் என்று 2022-ல் மதிப்புப் போட்டார்கள். ஹோலிரூடுகளை வரிசையாகப் பதினைந்துக்கு மேல் கட்டிவிடலாம். இந்தச் செலவைக் காட்டி, "இங்கிலாந்துக்குச் சுதந்திரம் எதற்கு?" என்று யாராவது கேட்டார்களா? கேட்க மாட்டார்கள். செலவுக் கணக்கு எப்பொழுதும் கேட்கிறவன் தலையில்தான் வைக்கப்படும். வைத்திருப்பவன் தலையில் வைக்கப்படுவதில்லை.

ஆனால் தோழர்களே, இந்தக் கதைக்கு மறுபக்கம் உண்டு. ஸ்காட்லாந்துக்குப் பார்லிமெண்டு வேண்டும் என்ற குரலைத் தொழிற்சங்க மேடையில் ஓங்கி எழுப்பியவர்களில் சுரங்கத் தொழிலாளர்கள் இருந்தார்கள். 1968-ல் ஸ்காட்லாந்து தொழிற்சங்கக் காங்கிரஸில் அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் சுரங்கத் தொழிலாளர் தலைவரும் கம்யூனிஸ்டுமான மிக் மெக்கேஹி. 1971-ல் கிளைடு நதிக்கரைக் கப்பல் கட்டும் தளங்களை டோரி சர்க்கார் மூடப் பார்த்தபொழுது, ஜிம்மி ரீடு, ஜிம்மி ஏர்லி ஆகிய தோழர்களின் தலைமையில் தொழிலாளர்கள் வெளியே போக மறுத்து, உள்ளேயே இருந்து கப்பலைக் கட்டினார்கள். சர்க்கார் 1972-ல் இறங்கி வந்து பணம் ஒதுக்கியது. இவர்கள் சுயாட்சி கேட்டது கொடியேற்ற ஒரு மாடிக்காக அல்ல, தளம் மூடப்படாமல் இருப்பதற்காக.

பார்லிமெண்டு வந்தது. மாளிகையும் வந்தது. 2025 ஏப்ரலில் ஸ்காட்லாந்தின் ஒரே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையான கிரேஞ்ச்மவுத்தில் சுத்திகரிப்பை முதலாளிகள் நிறுத்தினார்கள். சுமார் 400 பேரின் வேலைக்கு உலை. லண்டன் சர்க்காரும் எடின்பரோ சர்க்காரும் அனுதாபம் தெரிவித்தன. கடல் எண்ணெயைக் காட்டியே சுதந்திரம் கேட்ட தேசத்தில் சுத்திகரிப்பு ஆலையைக் காப்பாற்ற வழியில்லை! அப்படியானால் பார்லிமெண்டு வேண்டாமா? வேண்டும். ஆலையின்மீது அதிகாரம் இல்லாத பார்லிமெண்டு போதாது என்பதே நமது அபிப்பிராயம்.

நம் நாட்டுக்கு வருவோம். மொழிவழி மாகாணத்துக்கும் "தமிழ்நாடு" என்ற பெயருக்கும் கம்யூனிஸ்டுகள் போராடியது ஊரறிந்த விஷயம். 1956-ல் பட்டினி கிடந்து உயிர்விட்ட சங்கரலிங்கனார் தன் உடலைக் கம்யூனிஸ்டுகளிடமே ஒப்படைக்கச் சொன்னார். 1961-ல் பூபேஷ் குப்தா ராஜ்ய சபையில் பெயர் மாற்ற மசோதா கொண்டுவந்தார். திராவிட நாடு கேட்டவர்கள் 1963-ல் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டார்கள். ஆட்சிக்கு வந்த பின் மாநில சுயாட்சி பேசினார்கள். அதை நாமும் ஆதரிக்கிறோம். ஆனால் சென்னையில் சுயாட்சி எப்படிக் கட்டிடமாக மாறியது என்பதையும் பார்த்தோம். ஓமந்தூரார் தோட்டத்தில் ஜெர்மன் கம்பெனியின் வரைபடத்தின்படி புது சட்டசபை எழுந்தது. திறப்பு விழாத் தேதிக்குள் மேலே இருக்க வேண்டிய கோபுரக் கூடு முடியவில்லை; சினிமாக் கலை இயக்குநரைக் கொண்டு தற்காலிகக் கூடு ஒன்றை மாட்டி 2010 மார்ச்சு 13-ல் திறந்தார்கள். 2011-ல் ஆட்சி மாறியது. சட்டசபை மீண்டும் கும்பினிக் கோட்டைக்கே போயிற்று. 2014-ல் அந்தக் கட்டிடம் ஆஸ்பத்திரியானது. ஆஸ்பத்திரி வந்தது நல்லதே. ஏழைகளுக்கு வைத்தியம் கிடைக்கிறது. ஆனால் சட்டசபைக்காகக் கட்டியதை இடித்துத் திருத்தி ஆஸ்பத்திரியாக்கிய செலவை எந்த மந்திரி தன் சம்பளத்தில் கழித்தார்? சிக்கனம் போதிக்கும் கனவான்கள் அப்பொழுது எங்கே போயிருந்தார்கள்? டெல்லியில் 2021 ஏப்ரல், மே மாதங்களில் ஜனங்கள் ஆக்சிஜனுக்குத் திண்டாடியபொழுதும், "அவசியப் பணி" என்ற பெயரில் புது பார்லிமெண்டு வட்டாரத்தில் கட்டிட வேலை நிற்கவில்லை. அங்கே கல் சுமந்தவன் யார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்து அரியலூரைப் பாருங்கள். வெள்ளாற்றைத் தாண்டினால் அந்த ஜில்லா. 2001-ல் உண்டாக்கினார்கள், 2002-ல் திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்தார்கள், 2007-ல் மறுபடி உண்டாக்கினார்கள். பெயர்ப்பலகை எழுதுகிறவருக்கு நல்ல வேலை!

ஆகையால் நாம் ஜில்லா கேட்கிறோம், ஆனால் மாளிகை கேட்கவில்லை. 2019-ல் தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு என்று ஐந்து ஜில்லாக்கள் பிறந்தன. புதுக் கட்டிடம் எழும்வரை கலெக்டர்கள் காத்திருக்கவில்லை. இருக்கிற சர்க்கார் கட்டிடங்களில் மேஜை போட்டு வேலை தொடங்கினார்கள். விருத்தாசலத்தில் சப்-கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது. நாலு திசையும் ரயில் வரும் ஜங்ஷன் இருக்கிறது. கலெக்டர் நாளைக்கே வந்து உட்காரலாம். மனு வாங்க மார்பிள் தரை எதற்கு?

பணம் போக வேண்டிய இடம் வேறு. அது பீங்கான் பேட்டை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுக்க மேல்மண்ணைத் தோண்டும்பொழுது வெள்ளைக் களிமண் வருகிறது. அந்த மண்ணை நம்பித்தான் வடலூரில் மின்சார இன்சுலேட்டர், கழிவறைப் பீங்கான் ஆலைகள் எழுந்தன. விருத்தாசலத்தில் சிறு பட்டறைகள் வளர்ந்தன. பீங்கான் தொழில்நுட்பக் கல்விக்கூடமும் வந்தது. இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறோம். களிமண்ணோடு கல்மாவைச் சேர்த்து அரைத்துக் கூழாக்கி, பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, மண் சுவராக ஒட்டி நிற்கும். மிச்சக் கூழை வடித்து, அச்சைப் பிரித்து, ஈரம் காய்ந்ததும் ஓரத்துப் பிசிறைச் சீவித் துடைத்து வழிப்பது பெண்கள். எண்ணிக்கைக்குக் கூலி. கையில் உடைந்தால் அந்தப் பொம்மைக்குக் கூலி கிடையாது. பிறகு மெருகுக் கூழில் முக்கிச் சூளையில் ஏற்ற வேண்டும். ஆயிரம் டிகிரிக்கு மேல் வேகும் சூளை. சிறு பட்டறைக்காரருக்குச் சொந்தச் சூளை வைக்க முதல் ஏது? பொதுச் சூளையில் இடம் பிடித்து வாடகை கட்ட வேண்டும். எரிபொருள் விலை ஏறினால் முதல் வெட்டு விழுவது எண்ணிக்கைக் கூலியில்தான்.

நவராத்திரி, தீபாவளி, கார்த்திகை வரும்வரை கொஞ்சம் வேலை. அகல் விளக்கும் கொலுப் பொம்மையும் போனபின்? குஜராத்தின் மோர்பி ஆலைகள் ஓட்டுத்தளத்தை வண்டி வண்டியாக அனுப்புகின்றன. சீனப் பொம்மை கடைவீதியை நிரப்புகிறது. சாக்கடைக்குப் போட்ட பீங்கான் குழாயின் இடத்தை பிளாஸ்டிக் பிடித்துக்கொண்டது. வேலையில்லாத மாதங்களில் நம் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் கேரளத்துக்கும் ரயிலேறுகிறார்கள். அங்கே என்ன வேலை? கட்டிட வேலை! பிறர் ஊர் மாளிகைக்குச் சாரம் கட்டி, மோர்பித் தளத்தைப் பதித்துவிட்டு, ஊர் திரும்புகிறார்கள்.

கட்டிடமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. கட்டிடத் தொழிலாளியின் அடுப்பும் எரிய வேண்டும். கட்டட்டும். ஆனால் கட்டுகிறபொழுது தண்ணீர்த் தொட்டியோரப் பீங்கானும், கழிவறைச் சாமானும், மின்சாரப் பியூஸ் கட்டையும் விருத்தாசலம் பட்டறைகளிலிருந்து வாங்க வேண்டும் என்று டெண்டரில் எழுதச் சர்க்காருக்கு என்ன தடை? பள்ளிக்கூடங்களும் ஆஸ்பத்திரிகளும் மின்சார வாரியமும் வருஷம் முழுவதும் ஆர்டர் கொடுத்தால், கார்த்திகையை எதிர்பார்த்து யாரும் உட்கார வேண்டியதில்லை. காண்ட்ராக்டுத் தொகை முதலிலேயே முடிவாக வேண்டும். ஏறினால் காண்ட்ராக்டர் தலையில். ஹோலிரூடு கற்றுக்கொடுத்த பாடத்துக்கு நாம் ஒரு தரம் மறுபடி விலை கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று. ஜில்லா கோரிக்கைக்கு வியாபாரிகளும் வக்கீல்களும் நிலம் வைத்திருப்பவர்களும் சேர்ந்து வருகிறார்கள். வரட்டும், வரவேற்போம். ஆனால் கச்சேரி எந்தப் பக்கம் வரும், மனை விலை எவ்வளவு ஏறும் என்ற கணக்கில் சிலர் இருப்பதை நாம் அறியாமல் இல்லை. கச்சேரிக்கு இடம் தேடும் சாக்கில் ஏழைகளின் புறம்போக்குக் குடிசைகள்மீது கை வைத்தால், அன்றைக்கு அந்தக் கனவான்களோடு நம் தோழமை முடிந்தது.

மனு எழுதும் தோழர்கள், கச்சேரிக்கு இடம் கேட்கும் வரியைக் கடைசியில் போடுங்கள். முதல் வரியில் பொதுச் சூளைக்கு மலிவு எரிபொருள், இரண்டாவது வரியில் எண்ணிக்கைக் கூலிக்குக் கீழ்வரம்பு, மூன்றாவது வரியில் சர்க்கார் ஆர்டர், நாலாவது வரியில் குடிசைகளுக்குப் பட்டா. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களின் கைநாட்டையும் விடாமல் வாங்குங்கள். பட்டறைப் பெண்களிடம் மத்தியானச் சோற்று நேரத்தில் போனால் எல்லோரையும் ஒரே இடத்தில் பார்க்கலாம்.