காலூன்றாமல் ஏறும் கலை

மோட்டார் சைக்கிள் போட்டி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் வகுப்பறைப் பிள்ளைகளின் மனக்கண்ணில் தோன்றுவது வேகம் ஒன்றே. அது அவர்கள் குற்றமன்று. சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் தொடங்கி இருங்காட்டுக்கோட்டை வரையில், தமிழ்நாட்டின் மோட்டார் விளையாட்டு வரலாறு யார் முந்தினார் என்பதன் வரலாறாகவே பேசப்பட்டு வந்திருக்கிறது. மெதுவாகச் செல்வதையே திறமையாகக் கொண்ட ஒரு போட்டி உலகில் நூறாண்டுக்கு மேலாக நடந்து வருகிறது என்று சொன்னால் சிரிக்கிறார்கள். 'டிரயல்ஸ்' என்பது அதன் பெயர். சேலம், நாமக்கல் வட்டாரத்துக் கரடுகளைப் பார்த்து யாரோ வகுத்தது போன்ற இவ்விளையாட்டு இங்கே வேர்பிடிக்கவில்லை. வேர்பிடிக்க வேண்டுமானால் பழைய வண்டி வாங்குவதில் நமக்கிருக்கும் பார்வை முதலில் மாற வேண்டும் என்பது நம் எண்ணம்.

இதன் விதிகளை விளக்க உவமை தேடி அலைய வேண்டியதில்லை. ஓட்டுநர் உரிமத்துக்காக ஆர்.டி.ஓ. மைதானத்தில் 'எட்டு' போட்டவர் அனைவரும் ஒருமுறையேனும் டிரயல்ஸ் ஓட்டியவர்களே. கால் தரையில் பட்டால் போயிற்று. கோட்டைத் தாண்டினால் போயிற்று. எத்தனை விநாடியில் முடித்தாய் என்று ஆய்வாளர் கேட்பதில்லை. அந்த எட்டைச் சமதரையிலிருந்து பெயர்த்துப் பாறைச் சரிவிலும் ஓடைக்கல்லிலும் வைத்துப் பாருங்கள், அதுதான் டிரயல்ஸ். ஒருமுறை கால் ஊன்றினால் ஒரு புள்ளி, இருமுறை என்றால் இரண்டு, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் மூன்று. விழுந்தாலோ எல்லை நாடாவைத் தாண்டினாலோ ஐந்து. அத்தனையும் தண்டனைப் புள்ளிகள். குறைவாகச் சேர்த்தவரே வென்றவர். ஸ்பெயின் நாட்டு டோனி பௌ 2007 முதல் 2024 வரை ஓராண்டும் விடாமல் திறந்தவெளி, உள்ளரங்கு இரண்டிலும் உலகப் பட்டம் பெற்றது இப்படிக் கால் ஊன்றாமல் இருந்தே. இவ்வகை வண்டிகளில் இருக்கை என்று சொல்லத்தக்க ஒன்று கிடையாது. எடையோ 70 கிலோவை ஒட்டித்தான்.

இதில் நமக்கு உறவே இல்லை என்றும் எண்ண வேண்டாம். 1948இல் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் பின்சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்ம் பொருத்திய தன் புதிய புல்லட்டை முதலில் ஊரறியக் காட்டியது இங்கிலாந்தின் கோல்மோர் கோப்பை டிரயல்ஸ் போட்டியில்தான். பின்சக்கரம் அசைந்தால் பிடிமானம் போய்விடும் என்று நம்பியிருந்த காலம் அது. அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த பன்னாட்டு ஆறுநாள் போட்டியில் சார்லி ராஜர்ஸ், விக் பிரிட்டன் இருவரும் அந்தப் புல்லட்டில் தங்கப் பதக்கம் பெற்றனர். விக்கின் மகன் ஜானி பிரிட்டன் 1952, 1957 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஸ்காட்லாந்தின் ஆறுநாள் டிரயலை வென்றதும் ராயல் என்ஃபீல்டில்தான். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டுடன் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட, திருவொற்றியூரில் வேர்கொண்டது அந்தக் குடும்பத்து வண்டியே. பாறையேறப் பிறந்தது நம்மிடம் வந்து பண்ணையார் வாகனமாயிற்று. பிறகு காவல்துறை வாகனமாயிற்று. இன்று மீசைக்குத் துணையாக நிற்கிறது.

2019 மார்ச்சில் அந்நிறுவனமே 'புல்லட் டிரயல்ஸ்' என்ற பெயரில் 350, 500 சி.சி. வண்டிகளை இந்தியாவில் விற்பனைக்கு விட்டது. தூக்கிக் கட்டிய சைலன்சர், ஒற்றை இருக்கை, கட்டம் கட்டமான டயர். பார்க்க அழகுதான். ஆனால் எடை 180 கிலோவுக்கு மேல். அதைக் கொண்டு கரடேறுவது யானையைக் கயிற்றில் நடத்துவது போன்றது. 2020இல் பி.எஸ்.6 விதிகள் வந்தபோது அது விடைபெற்றுக்கொண்டது. இப்போது பழைய வண்டிச் சந்தையில் 'அரிய பொருள்' என்று அதற்கு விலை ஏற்றிச் சொல்கிறார்கள். நினைவுச் சின்னமாக வாங்குவோர் வாங்கட்டும். டிரயல்ஸ் பழக என்று வாங்குவோரைத் தடுக்க வேண்டியது நம் கடமை.

நம் நிலத்தைச் சற்றுப் பாருங்கள். கரடு என்ற சொல்லை அகராதியில் தேடிப் பொருள் அறிய வேண்டிய நிலை பிற மாவட்டத்தார்க்கு உண்டு; நமக்கில்லை. ஊருக்கொரு கரடு நிற்கிறது. வெடித்த பாறை, உருண்ட கல், கோடையில் வறண்ட ஓடை, முள் மண்டிய தரிசு. ஏர்க்காட்டுச் சாலையில் இருபது, கொல்லிமலையில் எழுபது எனக் கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அந்த எழுபதையும் எத்தனை நிமிடத்தில் ஏறினோம் என்று பந்தயம் கட்டும் கூட்டமும் இருக்கிறது. பொதுச்சாலையில், எதிரே பேருந்து வரும் வளைவில் அந்த ஆட்டம் தேவையா? கரட்டின் அடிவாரத்தில் இருபதடி தூரம் காலூன்றாமல் ஏறிக் காட்டு என்றால் அவர்களில் பலர் மூன்றாவது கல்லில் நின்றுவிடுவார்கள். சங்கப் பாடல் நடத்தும் வாத்தியாருக்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லாமல் இருக்க முடியாது. அகநானூற்றின் நான்காம் பாடலில், குறுங்குடி மருதனார், பூவில் தேனுண்ணும் வண்டுகள் மிரளுமே என்று தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வரும் தலைவனைப் பாடுகிறார். சைலன்சரைக் கழற்றிவிட்டு விடுதி வழியே போகும் நம் தலைவர்களுக்கு அப்பாடலை நடத்தும்போதெல்லாம் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது.

சரி, எந்த வண்டி? கேட்பவர் அனைவரும் விடையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கிறார்கள்: ஆர்.எக்ஸ்.100. 1985 முதல் 1996 வரை வந்த வண்டி அது. நூறு கிலோவை ஒட்டிய எடை, இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின், துள்ளும் குணம். கெட்ட வண்டி என்று சொல்லவில்லை. ஆனால் இன்று விற்பது வண்டியா, அதன் பெயரா என்பதே நம் கேள்வி. புதுப்பித்த வண்டிக்கு லட்சத்தைத் தாண்டியும் கேட்கிறார்கள். உள்ளே பார்த்தால் டூப்ளிகேட் பிளாக், டூப்ளிகேட் கார்புரேட்டர், எங்கோ வார்த்த இன்ஜின் மூடி. பெயின்ட் மட்டும் புத்தம் புதிது. அப்படி ஒன்றை வாங்கிக் கல்லில் போட்டு உடைக்க யாருக்கு மனம் வரும்? உடையாத கல்லில் ஏறினால் அது டிரயல்ஸாகவும் இராது.

நம் பரிந்துரை பலருக்கு ஏமாற்றம் தரும்: பழைய ஸ்பிளெண்டர். 110 கிலோ அளவில் நிற்கும். குறைந்த வேகத்திலும் இன்ஜின் திணறாமல் இழுக்கும். கிளட்ச் கேபிள் முதல் கோன் செட் வரை ராசிபுரத்திலும் கிடைக்கும், பரமத்தி வேலூரிலும் கிடைக்கும். கீழே விழுந்தால் கண்ணீர் வராது. தரையிடைவெளி குறைவு என்பது உண்மை. அதற்கு இன்ஜினுக்கு அடியில் ஓர் இரும்புத் தகடு போதும். உயரமான வண்டிதான் வேண்டுமென்போர் 2011இல் வந்து சில ஆண்டுகளில் நின்றுபோன ஹீரோ இம்பல்ஸைத் தேடலாம். அதன் இன்ஜின், ஹங்க் வண்டியின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் உள்பாகங்களுக்குத் தவிப்பில்லை, வெளிப்பாகங்களுக்குத்தான் தவம் கிடக்க வேண்டும். கையில் காசு கூடுதலாக இருந்தால் 2019 முதல் வரும் எக்ஸ்பல்ஸ் 200. மலைப்பாதைக்கு நன்று, கற்றுக்கொள்பவர் கைக்குக் கனம்.

வாங்கப் போகும்போது காலையில், சொல்லாமல் போங்கள். ஆட்டோ கன்சல்டிங் கடையில் நமக்கு முன்பே இன்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால் அந்த வண்டிக்குக் குளிரில் ஏதோ நோய் என்று பொருள். இன்ஜினைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உதைக்க வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் வண்டி நீலப் புகை விட்டால் ஆயில் எரிகிறது. முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் 'டக் டக்' என்று கேட்பது கோன் செட். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹாண்டில்பாரை மெல்லத் திருப்பினால் நடுவில் ஓரிடத்தில் சிக்கி நிற்கும், அதுவும் கோன் செட்தான். சாலையில் ஓட்டுபவருக்கு இது சிறு குறை. ஹாண்டிலை ஒருபக்கம் முழுதாக ஒடித்து ஊர்ந்து செல்லும் டிரயல்ஸ்காரருக்கோ அந்தச் சிக்கல் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கால் ஊன்றல். பின்னால் பத்தடி தள்ளி உட்கார்ந்து இரு சக்கரமும் ஒரு கோட்டில் வருகின்றனவா என்று பாருங்கள். வரவில்லையென்றால் சேஸிஸ் வளைந்திருக்கலாம். விலை எவ்வளவு குறைத்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

இதைவிட முக்கியம் ஆவணம். 'கரட்டில்தானே ஓட்டப் போகிறாய், ஆர்.சி. எதற்கு? பாதி விலைக்குத் தருகிறேன்' என்று சொல்பவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். இந்த வாதத்தை நண்பர்கள் சிலரே ஏற்பதைக் கண்டு நாம் திகைத்திருக்கிறோம். ஆவணமில்லாத வண்டி யாரோ ஒருவர் வாசலில் காணாமற்போன வண்டியாகவும் இருக்கலாம். சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் புத்தகத்தோடு ஒத்துப்போகாவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வது நலம். ஒத்துப்போனால் 29, 30 எண் படிவங்களில் கையொப்பம். கடனில் வாங்கிய வண்டியானால் 35. விற்றவர் மாநிலத்துக்குள்ளேயே என்றால் 14 நாளிலும், வாங்கியவர் 30 நாளிலும் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு. 'பேர் மாத்திக்கலாம் சார், அவசரமென்ன' என்று சொல்லியே ஒரு வண்டி நான்கு கை மாறிவிடும். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் தீர்ப்பளித்தபோது நடந்ததும் அதுவே: 2007இல் விற்ற கார், பல கை மாறி, 2009இல் விபத்தில் சிக்கியது, பதிவேட்டில் யார் பெயர் இருந்ததோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்றது நீதிமன்றம். நமக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்றோ விற்ற வண்டிக்காக, முகம் தெரியாத இளைஞன் ஒருவன் செய்த விபத்துக்காக, இரண்டாண்டு காலம் நீதிமன்றத்துக்கு நடந்தார். வாங்குபவரின் சோம்பல் விற்றவரின் முதுமையில் விடிகிறது.

இனி மாற்றங்கள். லாரிக்குப் பாடி கட்டுவதில் நாமக்கல்லையும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் திருச்செங்கோட்டையும் மிஞ்ச ஆளில்லை. வெல்டிங் பட்டறையும் லேத்தும் தெருவுக்குத் தெரு. ஆகவே வெட்டுவதற்கும் ஒட்டுவதற்கும் கை துறுதுறுக்கும். பொறுக்க வேண்டும். தயாரிப்பாளர் தந்த அமைப்பிலிருந்து பதிவு பெற்ற வண்டியை விருப்பம்போல் மாற்ற முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 52ஆம் பிரிவை விளக்கிச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் 182ஏ பிரிவோ, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்கிறது. எனவே சேஸிஸில் கத்தி வைக்காமல், கழற்றினால் பழையபடி ஆகிவிடும் மாற்றங்களோடு நிற்பதே நம் கட்சி.

அவற்றுள் முதலிடம் ஸ்பிராக்கெட்டுக்கு. முன்னால் ஒரு பல் குறைப்பது ஏறத்தாழ பின்னால் மூன்று பல் கூட்டுவதற்குச் சமம். முன்னது மலிவு, பின்னது செயினுக்கு இதம். முதல் கியரில் மனிதர் நடக்கும் வேகத்துக்கு வண்டி இறங்கி வர வேண்டும், அவ்வளவே. அடுத்தது கிளட்ச். நாளெல்லாம் அரைக் கிளட்சில் ஓடுவதால் பிளேட் தேயும். இதில் மட்டும் டூப்ளிகேட் வாங்காதீர்கள். டயரில், அசல் டிரயல்ஸ் வண்டியில் காற்று ஐந்து பி.எஸ்.ஐ. அளவுக்குக்கூட இருக்கும் என்று படித்துவிட்டு ட்யூப் டயரில் அப்படிச் செய்தால் டயர் வழுக்கி வால்வு பிய்ந்துவிடும். பாதி காற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக இடம். நம் மலைச்சரிவுகளில் பெரும்பகுதி காப்புக்காடு. அங்கே வண்டியோடு நுழைவது குற்றம். மேய்ச்சல் கரட்டில் ஆடு மாடு இருக்கும். கல் குவாரிகளின் பக்கமே போக வேண்டாம். பட்டா நிலத்துத் தரிசு வைத்திருக்கும் உறவினர் ஒருவரேனும் நம் அனைவருக்கும் உண்டு. அவரிடம் கேட்டு, குட்டி யானையில் வண்டிகளை ஏற்றிச் சென்று, தலைக்கவசமும் கணுக்கால் மூடிய காலணியும் அணிந்து, ஞாயிறு விடிகாலையில் இரண்டு மணி நேரம். நாலு பேர் சேர்ந்தால் வாடகை பங்கிட்டுக்கொள்ளலாம். எல்லைக்கு நாடா வேண்டுமென்பதில்லை. ஆட்டுப்பட்டிக்குக் கட்டும் கயிறே போதும். புள்ளி எழுத ஒருவர் பாறைமேல் உட்கார வேண்டும். அந்த வேலைக்கு ஓட்டத் தெரியாதவரையும் அழைத்து வரலாம். கால் ஊன்றியது தெரிந்தும் தெரியாதது போல் எழுதும் நண்பரை மட்டும் அழைத்து வராதீர்கள்.