கூரைக்குக் கூலி, விளக்குக்குக் கொள்ளையா?

தமக்கென ஒரு மனையும் அதன்மேல் ஒரு கூரையும் வாய்க்கப் பெறாதார் இந்நாட்டில் பலர். அவர்கள் பிறருடைய கூரையின்கீழ் ஒண்டி, அதற்கெனத் திங்கள்தோறும் குடிக்கூலி தந்து வாழ்கின்றனர். கூரைக்குக் கூலி தருதல் முறையே. அதனை யாரும் குறை கூறார். ஆனால், அக்கூரையின்கீழ் எரியும் விளக்கிற்கும் சுழலும் விசிறிக்கும் அரசு வரையறுத்த விலையைப்போல் நான்மடங்கும் அதற்கு மேலும் தண்டப்பெறுமாயின், அதனை எப்பெயரால் அழைப்பது? கூலி என்பதா? கொள்ளை என்பதா?

இதனை ஏட்டுக் கணக்காக எழுதவில்லை. பட்டுத் தெரிந்தே எழுதுகின்றேன். 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னைப் புறநகர் ஒன்றில் மாடிப்பகுதி ஒன்றிற்குக் குடிபெயர்ந்தேன். கீழ்த்தளத்தில் வீட்டுரிமையாளர், மாடியில் ஒருபுறம் யாங்கள், மறுபுறம் புதிதாய் மணமான இளைஞர் ஒருவரும் அவர்தம் துணைவியும். மூன்று அடுப்புகள் எரியும் அவ்வீட்டிற்கு மின்வாரியம் தந்த இணைப்போ ஒன்றே. எங்கள் பகுதிக்கும் அவ்விளைஞர் பகுதிக்கும் உரிமையாளர் தாமே கடையில் வாங்கிப் பொருத்திய துணை மின்னளவிகள் இருந்தன. (மக்கள் 'மீட்டர்' என்று வழங்குவதையே ஈண்டு மின்னளவி என்கின்றேன்.)

இரண்டு திங்கள் கழிந்தன. ஒருநாட் காலை உரிமையாளர் ஒரு துண்டுத்தாளை நீட்டினார். அதில், '300 அலகு, அலகுக்குப் பத்து, உருபா 3,000' என எழுதியிருந்தது. முன்பிருந்த வீட்டில் எங்களுக்குத் தனி இணைப்பு. அங்கு எழுநூறு உருபாவைத் தாண்டி யான் கட்டியதில்லை. அதே விசிறி, அதே விளக்கு, அதே குளிர்பெட்டி. தொகை மட்டும் நான்மடங்கினும் மிகுதி. திகைத்துப் போனேன்.

முதலில் என்மீதே ஐயம் கொண்டேன். எங்கேனும் மின்கசிவோ என எண்ணி, எல்லாப் பொத்தான்களையும் அணைத்து, குளிர்பெட்டியின் இணைப்பையும் பிடுங்கிவிட்டு மின்னளவியின் முன் நின்றேன். அதன் சிறு செவ்விளக்கு இமைக்கவில்லை, எண்ணும் நகரவில்லை. நகர்ந்திருப்பின் கசிவு உண்டென்றோ, பிறர் வீட்டுக் கம்பியோ பொதுநீரேற்றுப் பொறியோ நம் அளவியோடு பிணைக்கப்பெற்றுள்ளது என்றோ பொருளாம். கட்டணம் திடுமென உயரக் கண்ட எவரும் முதற்கண் செய்ய வேண்டுவது இவ்வெளிய ஆய்வே.

அடுத்துச் செலவைக் கணக்கிட்டேன். ஆயிரம் வாட்டு ஆற்றலை ஒரு மணிநேரம் செலவிட்டால் அது ஓர் அலகு. 75 வாட்டு விசிறி நாளொன்றுக்கு 16 மணிநேரம் சுழன்றால் 1.2 அலகு, அறுபது நாளில் 72 அலகு. இரண்டு விசிறிக்கு 144. இரண்டாயிரம் வாட்டு நீர்சூடேற்றி நாள்தோறும் அரைமணி நேரம் எரிந்தால் அறுபது நாளில் 60. குளிர்பெட்டிக்கு நாளுக்கு ஓர் அலகாக 60. விளக்கு, தொலைக்காட்சி முதலியவற்றிற்கு எஞ்சிய 36. ஆக 300. அளவி பொய் சொல்லவில்லை. பொய் அளவில் இல்லை, விலையில் இருந்தது.

அவ்விலையின் உள்ளியல்பை விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கான மின்கட்டணம் படிமுறையில் அமைந்தது. இரண்டு திங்களுக்கு ஒருமுறை அளவு எடுக்கப்பெறும். 23.5.2016 அன்று முதலமைச்சர் செயலலிதா கையொப்பமிட்ட ஆணைப்படி, வீட்டு இணைப்புகளுக்கு முதல் 100 அலகு கட்டணமின்றி வழங்கப்பெறலாயிற்று. 10.9.2022 முதல் நடைமுறைக்கு வந்த வீதப்படி, 500 அலகுக்கு மேற்படாதோர்க்கு 101 முதல் 200 வரை அலகுக்கு 2.25 உருபா, 400 வரை 4.50, 500 வரை 6. ஐந்நூற்றைத் தாண்டிவிட்டாலோ அந்த 2.25 மறைந்து, 101-இலிருந்தே 4.50 ஆகிவிடும். அதற்குமேல் 600 வரை 8. 800 வரை 9. 1,000 வரை 10. அதனையும் தாண்டினால் 11. 2024 சூலையில் இவ்வீதங்கள் உயர்த்தப்பெற்றபோதும் இப்படிமுறை மாறவில்லை.

குறைவாகச் செலவிடுவோர்க்குக் குறைந்த விலை, மிகுதியாகச் செலவிடுவோர்க்கு மிகுந்த விலை என்பதே இதன் உட்கருத்து. கருத்து நல்லதே. ஆனால், வாரியத்தின் கண்களுக்கு இணைப்புத் தெரியுமேயன்றி அடுப்புத் தெரியாது. மூன்று எளிய குடும்பங்கள் ஓர் இணைப்பில் ஒண்டினால், வாரியக் கணக்கில் அவை ஒரு பெருஞ்செல்வக் குடும்பமாகிவிடுகின்றன! நூறு அலகுச் சலுகையும் மூவர்க்கும் சேர்த்து ஒன்றே.

எங்கள் வீட்டுக் கணக்கையே காண்க. அவ்விரு திங்களில் உரிமையாளர் செலவிட்டது 400 அலகு, யாங்கள் 300, இளைஞர் 200. ஆக 900. தனித்தனி இணைப்பு இருந்திருப்பின், 2022-ஆம் ஆண்டு வீதப்படி உரிமையாளர்க்கு 1,125 உருபா, எமக்கு 675, இளைஞர்க்கு 225. மூவர்க்குமாக 2,025. ஒரே இணைப்பாக இருந்ததால் வாரியம் விதித்ததோ 5,550 உருபா! ஓர் அலகும் மிகுதியாகச் செலவாகவில்லை. ஆனால் 3,525 உருபா மிகுதியாகப் போயிற்று.

அத்தொகையைத் தந்தவர் யாவர்? அலகுக்குப் பத்து வீதம் எம்மிடம் 3,000, இளைஞரிடம் 2,000. ஆக 5,000. உரிமையாளர் தம் கையிலிருந்து போட்டது வெறும் 550. தனி இணைப்பில் 1,125 தந்திருக்க வேண்டியவர் 550 மட்டுமே தந்தார். அவர்க்கு ஊதியம் 575 உருபா. தனி இணைப்பில் இருவருமாக 900 உருபா தந்திருக்க வேண்டிய யாங்கள் 5,000 தந்தோம். எமக்கு இழப்பு 4,100 உருபா. அவ்விளைஞர் நிலை இன்னும் இரங்கத்தக்கது: 225 உருபா தரவேண்டிய அவர் 2,000 தந்தார், ஏறத்தாழ ஒன்பது மடங்கு.

அன்பர்களே, இக்கணக்கை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒருவர் 575 உருபா ஊதியம் பெறுவதற்காக இரு குடும்பங்கள் 4,100 உருபா இழக்கின்றன. திருடன் கொண்டு போனதைவிட அவன் உடைத்துப் போட்டது மிகுதி என்பதுபோல் ஆயிற்று இது! எளியோர்க்கென அரசு தன் கருவூலத்திலிருந்து ஈடுசெய்யும் சலுகை, அவ்வெளியோரின் கதவுவரை வந்து, உள்ளே நுழையாமல் திரும்பிப் போகின்றது.

இக்கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு உரிமையாளரிடம் சென்றேன். "ஐயா, தாங்கள் வாரியத்திற்குக் கட்டியதில் எங்கள் பங்கைத் தர மறுக்கவில்லை. ஆனால் பாதிக்கும் சற்றே மிகுந்த மின்னைச் செலவிட்ட யாங்கள் பத்தில் ஒன்பது பங்குத் தொகையைத் தருவது முறையா?" என்றேன். அவர், "எல்லா வீட்டிலும் பத்துதான் வாங்குகிறார்கள், தம்பி. ஒத்துவராவிட்டால் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். அவர் தீயவரல்லர். நோயுற்றபோது எம் மகனைத் தம் வண்டியில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவர். தெருவே செய்வதால் அது முறையாகிவிட்டது என்று நம்புகின்றவர், அவ்வளவே. ஊரே சேர்ந்து செய்யும் முறைகேடு இவ்வாறுதான் வழக்கம் என்னும் போர்வையைப் போர்த்துக்கொள்கின்றது.

உரிமையாளர் பக்கத்தில் கூறத்தகுவனவும் சில உள. ஒரே இணைப்பாயின் மேற்படியின் சுமை அவர்மேல் விழுகின்றது. நீரேற்றுப் பொறிக்கும் படிக்கட்டு விளக்கிற்கும் ஆகும் செலவும் உண்டு. அதனைக் குடியிருப்போர் பகிர்ந்துகொள்ளல் கடனே. ஆனால், பகிர்வு வேறு, வணிகம் வேறு. வாரியத்தின் பற்றுச்சீட்டைக் காட்டி, அவரவர் செலவிட்ட அலகுக்கேற்பப் பங்கிடின் அது பகிர்வு. பற்றுச்சீட்டை மறைத்து ஒரு விலையைத் தாமே வைப்பின் அது வணிகம். அவ்வாறு பங்கிட்டிருந்தால்கூட எம் பங்கு 1,850 உருபாவாகவே இருந்திருக்கும். அதுவும் இழப்பே, ஆயினும் முறை பிறழாத இழப்பு.

சட்டம் என்ன கூறுகின்றது? 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், 43-ஆம் பிரிவில், ஓர் இடத்தின் உரிமையாளரோ அவ்விடத்தில் குடியிருப்பவரோ கேட்டால் மின்வழங்கும் நிறுவனம் அவர்க்கு மின்னிணைப்புத் தரல் வேண்டும் என்கின்றது. 'குடியிருப்பவர்' என்னும் அச்சொல்லைக் கருதிப் பார்க்க. நடைமுறையிலோ உரிமையாளரின் இசைவுக் கையொப்பம் இல்லாமல் குடிக்கூலியாளர் ஓரடியும் நகர முடிவதில்லை. கேட்டால் மின்னை அறுத்துவிடுவார்களோ என்னும் அச்சமும் பலர்க்கு உண்டு. அவ்வச்சம் தேவையற்றது. 22.2.2019 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டின் வீட்டுரிமையாளர், குடிக்கூலியாளர் உரிமைகளும் பொறுப்புகளும் பற்றிய சட்டம், நீர், மின் முதலிய இன்றியமையா ஏந்துகளை உரிமையாளர் நிறுத்தலாகாது என்று தெளிவாகத் தடுக்கின்றது. குடிக்கூலி உடன்படிக்கை எழுத்தில் அமைந்து பதிவு பெறல் வேண்டும் என்பதும் அச்சட்டமே.

பிற மாநிலங்கள் இதில் நமக்கு முன்னே நடந்துள்ளன. தில்லியில் 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில், குடிக்கூலிக்கு இருப்போர் தம் பெயரிலேயே, உரிமையாளரின் இசைவை எதிர்பாராமல், முன்கட்டண மின்னளவி பெறும் திட்டம் அறிவிக்கப்பெற்றது. கருநாடகம் 2023 சூலை முதல் 200 அலகு வரை கட்டணமின்றி மின் தரத் தொடங்கியபோது, குடிக்கூலியாளரும் அதற்கு உரியர் என அவ்வரசு அறிவித்தது. இவ்விடத்தும் பொதுப்பயன்பாட்டுக் கட்டணம் உருபா 8.15 என்றிருந்தபோது மக்கள் குரல் எழுப்பினர். 2023 அக்தோபரில், பத்து வீடுகளுக்கு மேற்படாத, மூன்று மாடிக்கு உட்பட்ட, மின்தூக்கி இல்லாத அடுக்ககங்களுக்கு அது 5.50 எனக் குறைக்கப்பெற்றது. கேட்டவர்க்குக் கிடைத்தது. அடுக்ககத்தில் வீடு வாங்கியோர் சங்கமாக நின்று கேட்டனர். குடிக்கூலிக்கு இருப்போர்க்குச் சங்கம் இல்லை. ஓராண்டு ஒரு தெரு, மறு ஆண்டு மறு தெரு என்று அலைவோர் எங்ஙனம் ஒன்று கூடுவர்?

ஆகவே அரசு செய்ய வேண்டுவன மூன்று. ஒன்று, தனி அடுப்பு எரியும் ஒவ்வொரு பகுதிக்கும் தனி இணைப்பு. பதிவு பெற்ற குடிக்கூலி உடன்படிக்கையே அதற்குப் போதிய சான்றாதல் வேண்டும். இரண்டு, துணை மின்னளவி வைத்துள்ள இடங்களில் வாரியம் விதித்த தொகைக்கு மேல் ஒரு காசும் தண்டலாகாது என்னும் தெளிவான ஆணை, மீறுவார்க்கு ஒறுப்பு. மூன்று, அளவெடுப்பில் காலந்தவறாமை. அறுபது நாளுக்கு எடுக்க வேண்டிய அளவை எழுபது நாள் கழித்து எடுத்தால், குற்றமற்றவர் மேற்படிக்குத் தள்ளப்படுகின்றார்.

குடியிருப்போராகிய நாம் செய்ய வேண்டுவனவும் உள. வீடு பார்க்கும் அன்றே, 'இணைப்புத் தனியா, பொதுவா? அலகுக்கு என்ன விலை?' என்று கேளுங்கள். விடையை உடன்படிக்கையில் எழுதி வாங்குங்கள். குடிபுகும் நாளில் அளவியின் எண்ணைக் குறித்து இருவரும் கையொப்பமிடுங்கள். வாரியத்தின் பற்றுச்சீட்டைக் காட்டுமாறு ஒவ்வொரு முறையும் பணிவோடு கேளுங்கள். வாரிய அளவியின்மேல் ஐயம் எழுந்தால் ஆய்வு செய்யுமாறு எழுத்தில் கேளுங்கள். மின்நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றமும் அதற்குமேல் மின்குறை தீர்ப்பாளரும் சட்டப்படி உளர். ஓர் இணைப்பில் ஒண்டியிருக்கும் குடும்பங்கள் ஒன்றாகவே சென்று பேசுங்கள்.

எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பீர்கள். யானும் அவ்விளைஞரும் சேர்ந்து மீண்டும் உரிமையாளரிடம் போனோம். இம்முறை எம் இழப்பைப் பேசவில்லை. மூவர் கணக்கையும் அருகருகே வைத்தோம். "ஐயா, தங்கட்கு ஊதியம் 575. அதனையும் யாங்களே குடிக்கூலியில் சேர்த்துத் தந்துவிடுகின்றோம். இரண்டு தனி இணைப்புக்குக் கையொப்பம் தாருங்கள்" என்றோம். அவர் நெடுநேரம் அத்தாளையே பார்த்திருந்தார். "இவ்வளவு காசு வீணாகவா போகிறது?" என்றார். நான்கு திங்களில் இணைப்புகள் வந்தன. கூட்டிய குடிக்கூலியைச் சேர்த்தும் எமக்கு மிச்சமே.

எல்லா உரிமையாளரும் அவ்வாறு கையொப்பமிடார். எல்லாக் குடிக்கூலியாளரும் கணக்கெழுதிச் சென்று வாதிட வல்லாரல்லர். ஒருவர் மனம் இரங்கினால்தான் மற்றவர்க்கு உரிமை கிட்டும் என்னும் நிலை, உரிமையன்று, இரவல். எளியோன் விளக்கிற்கு அரசு குறித்த விலை அவன் விளக்குவரை வந்து சேர்தல் வேண்டும். வரும்வரை கேட்போம், ஒன்றாய் நின்று கேட்போம்.