மேட்டூர் தண்ணி எத்தனை நாளைக்கு வரும்? போனிலேயே ஒரு கணக்கு!

டெல்டாவில் ஜூன் மாதக் காலை வாட்ஸ்அப்பில்தான் விடிகிறது. ரோஜாப்பூவோடு காலை வணக்கம், கல்யாணப் பத்திரிகை, உர விலை, காணாமல்போன கன்றுக்குட்டி. இவற்றுக்கு நடுவே ஒரு செய்தி வரும். மேட்டூர் அணையின் நீர்மட்டம், நீர் இருப்பு, நீர்வரத்து, நீர் திறப்பு. நாலே எண்கள்தான். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை விவசாயிகள் பலரின் கண்ணும் முதலில் போவது அங்கேதான்.

ஆனால், விவசாயிக்கு வேண்டிய ஓர் எண் அந்தச் செய்தியில் இருக்காது. இந்தத் தண்ணீர் இன்னும் எத்தனை நாளைக்கு வரும்?

2023-ல் இந்தக் கேள்விதான் பலரைச் சாய்த்தது. அந்த ஆண்டு வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தது. அணையில் சுமார் 103 அடி தண்ணீர். நம்பிக்கையோடு குறுவை போட்டார்கள். மேலே இருந்து எதிர்பார்த்த தண்ணீர் வரவில்லை. அக்டோபர் 10 அன்று பாசனத்துக்கான திறப்பு நிறுத்தப்பட்டது. அப்போது நீர்மட்டம் சுமார் 30 அடி. அதற்குள்ளேயே கடைமடையில் பயிர்கள் கருகியிருந்தன.

அப்படிக் கருகிய வயல் ஒன்றுக்குச் சொந்தக்கார வீட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைசியில் ஒரு கிராமம். திண்ணையில் அப்பா. பக்கத்தில், கல்லூரி முடித்து வீட்டுக்கு வந்திருக்கும் மகள். அவள் கையில் போன். திரை முழுக்கக் கறுப்பு, அதில் வெள்ளை எழுத்துகள்.

"என்னம்மா, போனு கெட்டுப்போச்சா?"

"இல்லப்பா. கணக்கு போடுறேன்."

அவள் திறந்திருப்பது டெர்மக்ஸ் என்ற இலவச செயலி. ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடுவது லினக்ஸ். அதனிடம் படங்களைத் தொடாமல், எழுத்தாலேயே வேலை சொல்லும் இடம்தான் கட்டளை வரி. நாம் தட்டுகிற கட்டளையை வாங்கி நிறைவேற்றுவது ஷெல். அரசு கொடுத்த இலவச மடிக்கணினி பரணில் கிடந்தால் அதையும் தூசி தட்டலாம். 2011 முதல் கொடுக்கப்பட்ட அந்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது.

அவள் முதலில் செய்தது, ஊர் வாட்ஸ்அப் குழுவின் உரையாடலை ஏற்றுமதி செய்ததுதான். 'எக்ஸ்போர்ட் சாட்' என்று வாட்ஸ்அப்பிலேயே வசதி இருக்கிறது. படங்கள் வேண்டாம் என்று சொன்னால், மொத்தப் பேச்சும் ஒரே எழுத்துக் கோப்பாக வந்துவிடும். மூன்று வருடப் பேச்சு, ஆயிரக்கணக்கான வரிகள். விரலால் தள்ளித் தேடினால் பொழுது சாய்ந்துவிடும்.

அங்கே 'கிரெப்' என்ற கட்டளை கைகொடுக்கிறது. களத்தில் நெல்லைத் தூற்றிப் பதரைப் பிரிப்பதுபோல, கேட்ட சொல் இருக்கும் வரிகளை மட்டும் பிரித்துத் தரும். 'நீர் இருப்பு' என்று தேடச் சொன்னால் ரோஜாப்பூவும் கன்றுக்குட்டியும் போய், மேட்டூர் வரிகள் மட்டும் நிற்கும். தேதி மேல் வரியில் இருந்தால், முந்தைய வரியையும் சேர்த்துக் காட்டச் சொல்லலாம். அடுத்து 'செட்'. எண்களின் நடுவில் உள்ள காற்புள்ளியை இது நீக்கும். 10,000 என்பதைப் பத்து என்று கணினி தப்பாக எடுத்துவிடக் கூடாதே! கடைசியில் 'ஆக்'. வரிசை வரிசையாக எண்களை எடுத்துக் கணக்குப் போடும்.

ஒரு கட்டளையிலிருந்து வருவது அப்படியே அடுத்த கட்டளைக்குள் பாய்கிறது. நடுவில் ஒரு செங்குத்துக் கோடு போட்டால் போதும். அதற்குப் பெயர் 'பைப்'. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டக் மெக்கில்ராய் 1964-லேயே இந்த யோசனையைச் சொன்னபோது, தோட்டத்து ஹோஸ் குழாய்களை இணைப்பதுபோல நிரல்களை இணைக்க வேண்டும் என்றுதான் எழுதினார். 1973-ல் கென் தாம்சன் அதை யூனிக்ஸில் செய்து காட்டினார். ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து வயல் என்று தண்ணீர் பாய்ச்சிப் பழகிய டெல்டாக்காரர்களுக்கு இதைப் பாடமாக நடத்த வேண்டியதே இல்லை.

"சரிம்மா, கணக்கு என்ன?"

கணக்கு எளிதுதான். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. ஒரு நாளைக்கு 86,400 விநாடி. விநாடிக்கு 10,000 கன அடி திறந்தால், ஒரு நாளில் 0.864 டி.எம்.சி. போய்விடும். 2023 ஜூன் 12 அன்று இருப்பு சுமார் 69 டி.எம்.சி. குடிநீருக்கும் அடித்தண்ணீருக்கும் என்று 10 டி.எம்.சி.யை ஒதுக்கிவைப்பதாகக் கொண்டால் மீதி 59. அதை 0.864-ஆல் வகுத்தால் 68 நாள். அதாவது ஆகஸ்ட் 19.

அப்பா விரலை மடக்கினார். ஆடுதுறை 43 போன்ற குறுவை ரகங்களுக்கே சுமார் 110 நாள் ஆகும். மேட்டூர் தண்ணீர் கல்லணைக்கு வந்து சேரவே மூன்று, நான்கு நாள். கடைமடைக்கு இன்னும் மேலே.

"அப்போ, தொறந்த அன்னைக்கே தெரிஞ்சிருக்குமா?"

"பயிர் கருகும்னு தெரியாதுப்பா. ஆனா, அணையில இருக்குற தண்ணி மட்டும் பத்தாது, மேல இருந்து வந்தாத்தான் அறுப்பு வரைக்கும் தாங்கும்னு தெரிஞ்சிருக்கும்."

உண்மையில் நடுவில் கொஞ்சம் வரத்து இருந்தது, திறப்பும் கூடிக் குறைந்தது. அதனால்தான் 120 நாள் வரை இழுத்தது. அந்த வரத்தையும் கணக்கில் சேர்க்கலாம். திறப்பிலிருந்து வரத்தைக் கழித்துவிட்டு வகுத்தால் போதும்.

ஒருநாள் கணக்கு என்றால் போனில் உள்ள கால்குலேட்டரே செய்துவிடும். தினமும் செய்ய வேண்டும், போன வருடம் இதே தேதியோடு ஒப்பிட வேண்டும் என்றால்தான் ஷெல் ஸ்கிரிப்ட் தேவை. அது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிய கட்டளைகளை அதே வரிசையில் ஒரு கோப்பில் எழுதி, பெயர் வைத்தால் அதுதான் ஸ்கிரிப்ட். மகள் அதற்கு 'தண்ணி' என்று பெயர் வைத்தாள். உரையாடலைப் புதிதாக ஏற்றுமதி செய்துவிட்டு அந்தப் பெயரைத் தட்டினால், இன்னும் எத்தனை நாள் என்று ஒரே வரியில் பதில் வரும்.

இதே வித்தை மற்ற வேலைகளுக்கும் உதவும். கல்யாண வீட்டுப் புகைப்படங்களைத் தேதிவாரியாகப் பெயர் மாற்றலாம். மொய் நோட்டைத் தட்டிவைத்திருந்தால் ஊர்வாரியாகக் கூட்டலாம்.

எச்சரிக்கை இரண்டு உண்டு. அழிக்கும் கட்டளையான 'ஆர்.எம்.' குப்பைத்தொட்டியில் எதையும் போட்டுவைக்காது; போனது போனதுதான். அதனால் எப்போதும் நகல் எடுத்து, நகலில்தான் வேலை செய்ய வேண்டும். யாரோ அனுப்பிய புரியாத கட்டளையை ஒருபோதும் அப்படியே ஒட்டக் கூடாது. அடுத்தது, ஃபார்வர்டில் வந்த எண் தப்பாக இருந்தால் விடையும் தப்பாகத்தான் வரும். செய்தித்தாளோடு ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

குடகில் எவ்வளவு மழை பெய்யும் என்று எந்த ஸ்கிரிப்ட்டும் சொல்லாது. 2024-ல் ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கவே இல்லை. மழை வந்து அணை நிரம்பத் தொடங்கிய பிறகு ஜூலை 28 அன்றுதான் திறந்தது. முடிவு எடுப்பது கடைசியில் மனிதர்தான்.

திண்ணையில் அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "போர் தண்ணி எட்டுற ரெண்டு மாவுக்கு மட்டும் நாத்து விடுவோம். மிச்சத்துல சம்பாவாப் போட்டுக்கலாம்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தவர், வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்குக் காலையிலயும் அதைத் தட்டிப் பாரு, பாப்பா."